மயிலும் கோழியும் ஒரே முற்றத்தில்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

திறந்தவெளியில் மேயும் கோழிகளோடு மயிலையும் சேர்த்து வளர்ப்பது பற்றிக் கேட்டு வந்த கடிதங்களே இம்முறை அதிகம் என்பதால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். பதில்களுக்குள் போகுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மயில் வளர்ப்புக்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இந்தியாவில் நீல மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இடம்பெற்றிருப்பதால், அதைப் பிடிப்பதும் முட்டையை எடுத்து அடை வைப்பதும் வீட்டில் அடைத்து வளர்ப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள். எனவே வளர்ப்பு பற்றிய பதில்கள், சட்டம் இடம் தரும் நாடுகளில் முறையாக மயில் வாங்கியவர்களுக்கு உரியவை. காட்டு மயில்கள் தாமாகவே வந்து போகும் தோட்டங்களை உடையவர்களுக்கான பதில் கடைசியில் இருக்கிறது.

கேள்வி: எங்களிடம் இருபது கோழிகள் ஐந்து ஆண்டுகளாகத் திறந்தவெளியில் மேய்ந்து வருகின்றன. ஓர் ஆண்மயிலும் இரண்டு பெண்மயில்களும் வாங்கி அவற்றோடு விட எண்ணுகிறோம். ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொள்ளுமோ என்பதுதான் கவலை.

பதில்: சண்டை கண்ணுக்குத் தெரியும்; தெரிந்த உடனே பிரித்துவிடலாம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னை நிறுத்தியது 'ஐந்து ஆண்டுகளாக' என்ற சொல்தான். ஐந்து ஆண்டுகள் கோழிகள் கிளறி மேய்ந்து எச்சமிட்ட நிலத்தில், கோழியின் குருட்டுக்குடலில் வாழும் சிறு வெள்ளைப் புழுவான ஹெட்டராக்கிஸின் முட்டைகள் கணக்கில்லாமல் சேர்ந்திருக்கும். அந்தப் புழு தன்னளவில் கோழிக்குப் பெரிய கேடு செய்வதில்லை என்பதால் பலர் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. ஆனால் அதன் முட்டைக்குள் ஹிஸ்டோமோனாஸ் என்னும் ஒற்றைச்செல் உயிரி ஒளிந்து பயணம் செய்கிறது. கருந்தலை நோய் என்று சொல்லப்படும் நோயை உண்டாக்குவது அதுவே.

இந்த உயிரி வெறுமனே எச்சத்தோடு வெளியே வந்தால் சில மணி நேரத்தில் செத்துவிடும். புழுமுட்டையின் தடித்த ஓட்டுக்குள் இருக்கும்போதோ ஆண்டுக்கணக்கில் மண்ணில் தாக்குப்பிடிக்கும். மண்புழு அந்த முட்டைகளை விழுங்கித் தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். மழை பெய்து மண்புழு மேலே வரும்போது மயில் அதைக் கொத்தித் தின்றால், ஒரே விழுங்கலில் புழுவும் நோயும் உள்ளே போய்விடுகின்றன. 1895இல் அமெரிக்க ஆய்வாளர் தியோபால்ட் ஸ்மித் வான்கோழிகளில் இந்த உயிரியைக் கண்டு விவரித்தார். புழுமுட்டை வழியாக அது பரவுகிறது என்பது 1920இல் அவரும் கிரேபிலும் செய்த சோதனைகளில் வெளிப்பட்டது. நூறாண்டு கடந்தும் இந்தச் சங்கிலி அப்படியே இருக்கிறது. கோழி நோயைச் சுமந்துகொண்டே முட்டையிட்டு, கொழுத்து, நலமாக நடமாடும். அதே நிலத்தில் மேயும் வான்கோழியும் மயிலும் நோய்வாய்ப்பட்டு இறந்துபோகும்.

அப்படியானால் சேர்த்து வளர்க்கவே கூடாதா என்று கேட்பீர்கள். பரந்த நிலத்தில், முறையாகக் குடற்புழு நீக்கம் செய்யப்பட்ட கோழிகளோடு வளர்ந்த மயில்கள் ஆண்டுக்கணக்கில் நலமாக வாழ்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மயில் குஞ்சுகளைக் கோழி மேய்ந்த மண்ணில் விடுவதற்கு நான் எப்போதும் சம்மதித்ததில்லை. உங்கள் இடத்தில் நானிருந்தால், இதுவரை கோழியின் கால் படாத ஒரு மூலையை, நீர் தேங்காத மேட்டு நிலமாகப் பார்த்து, மயில்களுக்கென்று ஒதுக்கி அங்கே கூண்டு கட்டுவேன். ஒரு பறவைக்கு எட்டு முதல் பத்து சதுர மீட்டர் வரை இடம் வேண்டும். தோகை விரித்த ஆண்மயில் கம்பிவலையில் இடிக்காமல் திரும்ப, கூண்டின் அகலம் மூன்று மீட்டருக்குக் குறையக் கூடாது. உயரம் இரண்டரை மீட்டராவது இருந்தால்தான், ஒன்றரை மீட்டர் உயரத்தில் கட்டிய கட்டையில் அது தோகையைத் தொங்கவிட்டு உட்கார முடியும்.

கேள்வி: டாக்டர், மூன்று மாத மயில் குஞ்சுகள் நான்கில் இரண்டு இறந்துவிட்டன. இறகுகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றன; எச்சம் மஞ்சளாக இருந்தது. அதே முற்றத்தில் திரியும் கோழிக்குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தலை கறுக்காததால் இது கருந்தலை நோய் அல்ல என்கிறார் நண்பர் ஒருவர். மீதி இரண்டையும் எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: நண்பர் பெயரை நம்பி ஏமாந்திருக்கிறார். கருந்தலை என்பது இந்நோய்க்குப் பொருந்தாத பெயர். தலை கறுப்பது எல்லாப் பறவைகளிலும் தோன்றுவதில்லை, தோன்றினாலும் அது இந்த நோய்க்கு மட்டுமே உரிய அறிகுறி அல்ல. நீங்கள் சொன்ன மஞ்சள் எச்சம்தான் என்னை அஞ்ச வைக்கிறது.

இதே போன்ற ஒரு குஞ்சைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் துணியில் சுற்றி எடுத்து வந்தார். கையில் வாங்கியதும் நெஞ்செலும்பு கத்தி முனைபோல் விரலில் பட்டது, சதையே இல்லை. பின்புறத்து இறகுகளில் கந்தகத் தூளைக் குழைத்துப் பூசியதுபோல் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. வயிற்றைத் திறந்தபோது, ஒரே நிறமாகச் செம்பழுப்பில் பளபளக்க வேண்டிய ஈரலில் காசு காசாக வட்டங்கள் விழுந்திருந்தன. ஒவ்வொரு வட்டமும் நடுவில் குழிந்து, ஓரத்தில் வெளிறி, அம்பெய்யும் இலக்குப் பலகையை நினைவூட்டியது. குருட்டுக்குடல் இரண்டும் விரல் பருமனுக்கு வீங்கியிருந்தன. அறுத்துப் பார்த்தால் இறுகிய தயிர்க்கட்டி போன்ற ஒன்று குழாயை முழுவதுமாக அடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குஞ்சு இரண்டு நாட்களுக்கு முன்பு வரை தீனி தின்றதாக அவர் சொன்னார். பறவைகள் நோயை மறைப்பதில் தேர்ந்தவை. உடலில் கிருமி ஏறி ஒரு வாரம் பத்து நாள் கழிந்த பிறகே மஞ்சள் எச்சம் தெரிகிறது. அப்போது ஈரலில் பாதி போயிருக்கும்.

மீதியிருக்கும் இரண்டையும் இன்றே முற்றத்திலிருந்து தூக்கி, மண்ணில் கால் படாத கம்பித்தரைக் கூண்டில் விட்டுக் கதகதப்பாக வையுங்கள். குஞ்சு இட்ட எச்சத்தை ஆறுவதற்குள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சூடு தணிந்தால் இந்த உயிரியின் அசைவு நின்றுவிடும், நுண்ணோக்கியில் அடையாளம் காண்பது கடினமாகிவிடும். மெட்ரோனிடசோல் வகை மருந்துகள் இந்த உயிரியின் மீது வேலை செய்கின்றன. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் உணவுக்காக வளர்க்கும் பறவைகளுக்கு இவற்றைத் தரத் தடை இருக்கிறது. அமெரிக்காவில் இந்நோய்க்குத் தடுப்பாகத் தீவனத்தில் கலக்க அனுமதிக்கப்பட்டிருந்த கடைசி மருந்தான நைட்டார்சோனும் 2015இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆகவே அழகுக்காக வளர்க்கும் மயிலுக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்தை, முட்டைக்கும் இறைச்சிக்கும் வளர்க்கும் கோழிகளின் தண்ணீரில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று கலந்துவிட வேண்டாம். மருந்து உண்ட மயிலின் முட்டையையும் யாரும் உண்ணலாகாது.

இறந்த குஞ்சுகளைப் புதைத்துவிட்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்று இறக்க நேர்ந்தால், புதைப்பதற்கு முன் ஒரு மருத்துவர் அதைத் திறந்து பார்க்கட்டும். உயிரோடிருக்கும் குஞ்சுக்கு அதைவிடப் பயனுள்ள உதவி கிடையாது.

கேள்வி: கோழிகளுக்குப் பிப்பரசின் புழு மருந்து தவறாமல் தருகிறேன். அப்படியிருக்க மயில்களைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை அல்லவா?

பதில்: பிப்பரசின் பெரிய உருண்டைப் புழுக்களை வெளியேற்றும்; மருந்து தந்த மறுநாள் எச்சத்தில் நீளமான புழுக்களைப் பார்த்து மனம் நிறைந்துவிடுகிறோம். ஆனால் மேலே சொன்ன குருட்டுக்குடல் புழுவின் மீது அதை நம்ப முடியாது. ஃபென்பெண்டசோல் அல்லது லெவமிசோல் போன்ற மருந்துதான் அதற்கு வேண்டும். அளவைப் பறவையின் எடை பார்த்து மருத்துவர் சொல்லட்டும். நான்கு முதல் ஆறு கிலோ வரை எடையுள்ள ஆண்மயிலுக்கும் இரண்டு கிலோக் கோழிக்கும் ஒரே அளவைக் கண்மதிப்பில் கொடுப்பதால், மயிலுக்குக் குறைந்துபோவதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை என்பதற்கு ஒரே விடை இல்லை. குஞ்சின் உள்ளே போன முட்டை புழுவாகித் தானும் முட்டையிட ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஈர நிலத்தில் மீண்டும் தொற்று விரைவாக ஏறும். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை என்று தொடங்கி, எச்சப் பரிசோதனை முடிவைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். கோழிக்கும் மயிலுக்கும் ஒரே நாளில் கொடுப்பது முக்கியம். ஒன்றுக்குக் கொடுத்து மற்றொன்றை விட்டால், விடுபட்ட பறவை நிலத்தை மறுபடியும் நிரப்பிவிடும். ஃபென்பெண்டசோலை இறகு முளைக்கும் பருவத்தில் தந்தால் சில பறவை இனங்களில் இறகுகள் கோணலாக வளர்வதுண்டு. எனவே தோகை உதிர்ந்து புதிது முளைக்கும் மாதங்களைத் தவிர்த்து நாள் குறியுங்கள்.

புழுக்களில் இன்னொன்றையும் மறந்துவிட வேண்டாம். குஞ்சு கழுத்தை நீட்டி, வாயை அகலத் திறந்து, தலையை உதறி உதறி மூச்சு வாங்கினால், அது சளி என்று முடிவுகட்டி ஆன்டிபயாடிக் தருபவர்கள் பலர். மூச்சுக்குழலில் சிவப்பு நிறத்தில், ஆணும் பெண்ணும் பிரியாமல் ஒட்டி, கவட்டைக் குச்சி போன்ற வடிவில் வாழும் சின்கமஸ் என்ற புழு அங்கே இருக்கக்கூடும். மண்புழுவும் நத்தையும் இதையும் சுமக்கின்றன. இதற்கும் ஃபென்பெண்டசோல் பயன்படும்.

சுண்ணாம்பு தூவினால் மண் சுத்தமாகிவிடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். மேலே தூவும் எதுவும் மண்ணுக்குள் இருக்கும் முட்டையைத் தேடிப் போய்க் கொல்வதில்லை. வெயிலும் வறட்சியும் ஓரளவு உதவும். தீனித் தட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் தரையிலிருந்து உயர்த்தி வைப்பதும், தீனித் தட்டைச் சுற்றிய மேல்மண்ணைச் சுரண்டியெடுத்து ஆற்றுமணல் நிரப்புவதும் அதைவிட உதவும்.

கேள்வி: பெண்மயில் முட்டையிட்டு விட்டுப் போய்விடுகிறது, அடை உட்காருவதில்லை. அடைக்கோழியை வைத்துப் பொரிக்க வைக்கலாமா?

பதில்: பொரிக்கும். அடைக்கோழியின் பொறுமைக்கு ஈடு எந்த இயந்திரமும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கோழி முட்டைக்கு 21 நாட்கள், மயில் முட்டைக்கு 28 நாட்கள். ஆகவே ஏற்கெனவே பல நாட்களாக அடையில் இருக்கும் கோழியைத் தேர்ந்தெடுத்தால், கடைசி வாரத்தில் அது எழுந்து போய்விடும் அபாயம் உண்டு. அப்போதுதான் அடையில் உட்கார்ந்த, உடல்கட்டுள்ள கோழியாகப் பார்த்து நான்கு அல்லது ஐந்து முட்டைகள் வைக்கலாம். மயில் முட்டை கனமானது என்பதால் சிறிய இனக் கோழியால் அதைச் சரியாகப் புரட்ட முடியாது. அது தீனிக்கு எழும் நேரத்தில் நீங்கள் மெல்லப் புரட்டிவிட வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நான் ஏன் இந்த வழியைப் பரிந்துரைப்பதில்லை என்பதையும் சொல்கிறேன். கருந்தலை நோய் பறவையின் முட்டைக்குள் போவதில்லை. தாய் மயிலே நோயைச் சுமந்தாலும் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு தூய்மையாகத்தான் வருகிறது. அந்தக் குஞ்சு கண் திறந்து முதன்முதலில் கொத்துவது வளர்ப்புத் தாயாகிய கோழியின் எச்சத்தையும், அது கிளறிக் காட்டும் மண்ணையும் என்றால், இயற்கையே தந்த அந்தத் தூய்மையை நம் கையாலேயே கெடுக்கிறோம். முட்டையை எடுத்து இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸில் வைத்துப் பொரித்து, புரூடர் என்னும் குஞ்சு வெப்பப் பெட்டியிலிருந்து கம்பித்தரைக் கூண்டுக்கு மாற்றி, ஐந்தாறு மாதம் வரை மண்ணைக் காட்டாமல் வளர்த்தால், சங்கிலி அந்த இடத்திலேயே அறுந்துவிடுகிறது. முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் கொடுத்து, வாரத்துக்கு மூன்று டிகிரி என்று குறைத்துக்கொண்டே வரலாம்.

அடைக்கோழியைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், அடை வைப்பதற்கு முன்பே குடற்புழு நீக்கம் செய்து, தாயையும் குஞ்சுகளையும் புது நிலத்தில் தனியாக வையுங்கள். அல்லது குஞ்சு பொரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். எடுப்பதானால் ஒரு சிக்கலுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். கோழிக்குஞ்சு பிறந்த மறுநாளே தரையில் சிந்திய தீனியைத் தானாகக் கொத்தும். மயில் குஞ்சு அப்படியன்று. தாய் தன் அலகு நுனியில் இரையைப் பிடித்து நீட்ட, அதை வாங்கித் தின்றே பழகுகிறது. தாய் இல்லாத குஞ்சு நிரம்பிய தீனித் தட்டின் நடுவே நின்றுகொண்டே பட்டினி கிடப்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். நனைத்த தீனியைச் சிறு இடுக்கியின் நுனியில் எடுத்துக் கண்ணெதிரே லேசாக ஆட்டினால், தலையைச் சாய்த்துப் பார்த்து, சற்றுத் தயங்கிப் பின் சட்டென்று பிடுங்கிக்கொள்ளும். இரண்டு மூன்று நாட்கள் இந்த வேலையைப் பொறுமையாகச் செய்தால் போதும். இன்குபேட்டரில் பொரித்த கோழிக்குஞ்சு ஒன்றைத் துணைக்கு விடுவதும் நல்ல வழி; அது கொத்துவதைப் பார்த்து மற்றவை கற்றுக்கொள்ளும். முற்றத்துக் கோழிகளோடு திரிந்த குஞ்சை மட்டும் இந்த வேலைக்குக் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: எல்லாப் பறவைகளுக்கும் முட்டைக்கோழித் தீவனத்தையே வைக்கிறோம். மயிலுக்கு அது போதுமா?

பதில்: முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய நான்கு விழுக்காடு இருக்கிறது. முட்டையிடும் பருவத்துப் பெண்மயிலுக்கு அதனால் கேடில்லை. முட்டையிடாத ஆண்மயிலும் வளரும் குஞ்சும் தொடர்ந்து அதையே தின்றால் சிறுநீரகம் பாதிக்கப்படும். எல்லாப் பறவைக்கும் பொதுவான, 16 முதல் 20 விழுக்காடு புரதமுள்ள தீவனத்தை வைத்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியவை மட்டும் போய்த் தின்னும். குஞ்சுகளுக்குக் கோழிக்குஞ்சுத் தீவனம் போதாது, வான்கோழிக் குஞ்சுகளுக்கான 28 விழுக்காடு புரதத் தீவனமே ஏற்றது. இரத்தக் கழிச்சலுக்கான மருந்து கலந்த தீவனமாக இருந்தால் மூட்டையின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பிரியுங்கள். அத்தகைய மருந்துகளில் ஒன்றான, கோழிக்குப் பாதுகாப்பான சாலினோமைசின் வான்கோழிக்கு நஞ்சாகிறது. கலப்பு முற்றத்தில் யார் எந்தத் தட்டில் வாய் வைப்பார்கள் என்று சொல்ல முடியாது.

கேள்வி: ஆண்மயில் எங்கள் கோழிகளின் முன் தோகை விரித்து ஆடுகிறது, சேவலைத் துரத்துகிறது. பெண்மயில்கள் இருக்கும்போது இது ஏன்?

பதில்: இனப்பெருக்கப் பருவத்தில் ஆண்மயிலுக்கு முன்னால் எது நின்றாலும் தோகை விரியும்; கோழி, வாத்து என்ற வேறுபாடெல்லாம் இல்லை. கார் கதவில் தெரியும் தன் உருவத்தையே எதிரி என்று எண்ணி அலகு தேயக் கொத்தும் ஆண்மயில்களும் உண்டு. கோழிகள் பெரும்பாலும் இந்த ஆட்டத்தைச் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருக்கும். சேவலைத் துரத்துவதும் திறந்தவெளியில் அநேகமாக நாலடி ஓட்டத்தோடு முடிந்துவிடும். தோற்றது ஒதுங்கிப் போகும், வென்றது கொடுக்கவேண்டிய இடத்தைக் கொடுக்கும்.

ஆபத்து, ஓடுவதற்கு இடமில்லாதபோது வருகிறது. இருவருக்கும் காலில் கூரிய முள் இருக்கிறது. அடைத்த கூண்டுக்குள் சேவலும் ஆண்மயிலும் இரவு முழுக்க ஒன்றாக இருந்தால், காலையில் ஒன்றின் கண்ணோ உயிரோ போயிருக்கலாம். ஆகவே பகலில் ஒன்றாக மேயட்டும்; இரவில் தங்குமிடம் தனித்தனியாக இருக்கட்டும். ஓர் ஆண்மயிலுக்கு மூன்று முதல் ஐந்து பெண்மயில்கள் இருந்தால், அது கோழிகளின் பின்னால் போவதும் குறையும். தாய்க்கோழியோடு திரியும் சின்னஞ்சிறு கோழிக்குஞ்சுகளை மயிலின் அருகே விடாதீர்கள். பல்லியையும் பூச்சியையும் பிடித்துத் தின்னும் பறவைக்குத் தரையில் ஓடும் குஞ்சு கொத்தத் தகுந்த ஒன்றாகத் தோன்றிவிடக்கூடும்.

கேள்வி: மயிலுக்கும் கோழிக்கும் கலப்புக் குஞ்சு பொரிக்குமா?

பதில்: இரண்டும் ஒரே குடும்பப் பறவைகள்தான் என்றாலும், அத்தகைய கலப்பு மிக மிக அரிது, கினிக்கோழியோடு கலந்து பிறந்தவையும் அரிதாகப் பதிவாகியுள்ளன. மயில் மிதித்ததாலேயே உங்கள் கோழியின் முட்டைகளைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் நான்கு கிலோவுக்கு மேற்பட்ட பறவை ஏறி மிதிப்பதால் சிறிய கோழியின் முதுகில் காயம் படுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வான்கோழி, கினிக்கோழி, வாத்து எல்லாவற்றையும் மயிலோடு வளர்க்க விரும்புகிறேன். எது ஒத்துப்போகும்?

பதில்: வாத்து பெரும்பாலும் வம்புக்குப் போகாது, மயில் குடிக்கும் தண்ணீரைச் சேறாக்கிவிடும் என்பதால் மயிலின் தொட்டியை வாத்துக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். கினிக்கோழிகள் கூட்டமாகச் சேர்ந்து ஒரே பறவையைக் குறிவைத்து விரட்டும் குணமுடையவை. புதிதாக வந்த இளம் மயில் அவற்றிடம் சிக்கித் தீனியே எடுக்காமல் மெலிந்துபோனதைக் கண்டிருக்கிறேன். வான்கோழிதான் மயிலுக்கு மிகக் கடினமான தோழன். ஆண் வான்கோழியும் ஆண்மயிலும் உடலளவில் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காதவை. கருந்தலை நோயில் இரண்டும் ஒரே படகில் இருப்பதால், வான்கோழி நோயுற்றால் அடுத்தது மயில் என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். அதிலும் வான்கோழிகளுக்கிடையே இந்நோய் புழுவின் உதவியே இல்லாமல் பறவையிலிருந்து பறவைக்கு நேராகத் தொற்றுகிறது.

எந்தப் பறவையைப் புதிதாகக் கொண்டுவந்தாலும் முப்பது நாட்கள் தனியே வைத்துப் பாருங்கள். கண்ணோரம் நுரை, கண்ணுக்குக் கீழே வீக்கம், தும்மல் இருந்தால் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியை நினையுங்கள். கோழி அதிலிருந்து தேறியதுபோல் தோன்றிய பிறகும் வாழ்நாள் முழுவதும் அதைப் பரப்பிக்கொண்டிருக்கும். மயிலுக்கு அது முகம் முழுவதும் வீங்கும் அளவுக்குப் போகும். புது மயில் நலமாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், உங்கள் பழைய கோழிகள் எதைச் சுமக்கின்றன என்றும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: வாங்கிய ஒரு வாரத்தில் திறந்துவிட்டோம், இரண்டு மயில்களும் பறந்து போய்விட்டன. கோழிகள் மாலையில் தாமாகக் கூடு திரும்புகின்றனவே!

பதில்: கோழிக்குக் கூடுதான் வீடு. மயிலுக்கு அது கண்ணால் பார்த்துப் பழகிய நிலப்பரப்பு முழுவதும் வீடு. அந்தப் பழக்கம் வர ஒரு வாரம் போதாது. சுற்றுப்புறம் நன்றாகத் தெரியும்படி அமைத்த கூண்டில் இரண்டு மூன்று மாதமாவது வைத்து, ஒரே நேரத்தில் ஒரே கையால் தீனி கொடுத்துப் பழக்குங்கள். பின்பு ஒரு பறவையை மட்டும், மாலைத் தீனிக்குச் சற்று முன்னதாக, பசியோடு வெளியே விடுங்கள். துணை உள்ளே இருப்பதால் வெளியே போனது கூண்டையே சுற்றிச் சுற்றி வரும். முதலில் பெண்மயிலையோ இளையதையோ விட்டு, ஆண்மயிலைக் கடைசியில் விடுவது என் வழக்கம். முட்டையிடும் பருவத்தில் பெண்மயில்களை மறுபடியும் கூண்டில் அடைத்துவிடுங்கள். அவை புதருக்குள் தரையில் கூடு கட்டி 28 நாட்கள் அசையாமல் உட்காருகின்றன; நாயோ நரியோ வந்தால் கடைசி நொடி வரை முட்டையை விட்டு எழுவதில்லை. வளர்ப்பு மயில் கூட்டங்களில் ஆண்கள் மிகுந்து பெண்கள் குறைந்துபோவதற்கு இதுவே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அகவல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சேவல் விடியலில் கூவும். ஆண்மயில் பருவம் வந்துவிட்டால் நள்ளிரவிலும் அகவும், அது வெகு தொலைவுக்குக் கேட்கும். அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் மயில் வளர்க்கவில்லை. காட்டு மயில்கள் தினமும் வந்து கோழித் தீனியைத் தின்றுவிட்டுப் போகின்றன. பார்க்க அழகாக இருப்பதால் விட்டுவிட்டோம். இதில் தீங்கு உண்டா?

பதில்: உண்டு, இரு பக்கமும் உண்டு. காட்டிலிருந்து வரும் பறவை உங்கள் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சலையும் பறவைக் காய்ச்சலையும் கொண்டுவரக்கூடும் என்பதைப் பலர் அறிவார்கள். உங்கள் கோழிகள் அந்த மயில்களுக்கு என்ன கொடுக்கின்றன என்பதை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. எச்சம் கலந்த மண்ணில் சிதறிய தீனியைப் பொறுக்க வரும் பெண்மயில், அடுத்த மாதம் தன் குஞ்சுகளையும் அங்கேயே அழைத்து வரும். வாங்கி வளர்த்தவர் மருத்துவரிடம் ஓடுவார். காட்டுக் குஞ்சு புதருக்குள் ஒதுங்கிச் சாகும், யாருக்கும் தெரியாது.

மயிலை விரட்ட வேண்டியதில்லை, துன்புறுத்தவும் கூடாது. தீனியைத் திறந்தவெளியில் இறைக்காமல், கோழி மட்டும் நுழையும் அளவுக்கு வாயில் வைத்த மூடிய கொட்டகைக்குள் வையுங்கள். மயில்கள் பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் மேய வருவதால், அந்த நேரங்களில் வெளியே தீனி கிடக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை அன்றன்றே கூட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியும் கூரைக்குக் கீழேயே இருக்கட்டும். உங்கள் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல், அம்மை ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளை உரிய காலத்தில் போட்டு, குடற்புழு நீக்கத்தையும் விடாமல் செய்யுங்கள். தீனி கிடைக்காத சில நாட்களுக்குப் பிறகு மயில்கள் முற்றத்தை விட்டு வயல் வரப்புக்குத் திரும்பிவிடும். அங்கே அவை ஆடுவதையும் உங்கள் திண்ணையிலிருந்தே பார்க்கலாம்.